கழுத்தில் ஒரு வாய்ச்சி

தங்கை அருமைநாயகி தெற்கு லண்டனில் இருக்கும் சட்டனிலிருந்து ஒரு பஸ்ஸும் இரண்டு ரயிலும் மாறி வெஸ்ட் ஈலிங்குக்கு வந்திருந்தாள். கதவைத் திறந்த கலாவதியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. கழுத்தைத்தான் பார்த்தாள். பார்த்தபடியே சப்பாத்தைக் கழற்றினாள், பார்த்தபடியே உள்ளே வந்தாள், குசினிக் கதிரையில் இருந்த பிறகும் பார்வையை எடுக்கவில்லை.

"அப்ப உண்மைதான்," என்றாள்.

கலாவதி கேத்திலில் தண்ணீர் நிரப்பினாள்.

"படம் பொய்யாயிருக்கும் எண்டுதான் நினைச்சனான். இப்ப போனிலை என்னவும் செய்யினம் எல்லே. ஆற்றையோ தலையை எடுத்து ஆற்றையோ உடம்பிலை ஒட்டுறாங்கள். அப்பிடித்தான் ஏதும் எண்டு இவரிட்டையும் சொன்னனான்."

"என்ரை தலைதான்."

"கழுத்து?"

"கழுத்தும் என்ரைதான்."

தொண்டைக்குழியில், பெருவிரல் நீளத்தில், ஒரு கரும்பச்சைக் கல் இருந்தது. மேலே குறுகி, கீழே கொஞ்சம் அகன்று, அடிவிளிம்பு உளியின் வாய்போலச் சரித்து இழைக்கப்பட்ட கல். அதன் தலைப்பை மெழுகு பூசிய கறுப்பு நூல் வரிந்து வரிந்து பிடித்திருந்தது. அந்த நூலே இரண்டு பக்கமும் பின்னற் கயிறாகிப் பிடரியில் ஒரு முடிச்சில் முடிந்தது. கொளுக்கி இல்லை. தலைவழியாகக் கழற்ற நீளமும் இல்லை.

மேனுஷாவின் கலியாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. மேனுஷா அருமைநாயகியின் ஒரே மகள். தாய் ஏர்ப்போட்டில் ஷிப்ட் வேலை செய்த காலத்தில், பள்ளிக்கூடம் விட்டு நேரே பெரியம்மா வீட்டுக்கு வந்து, இந்தக் குசினி மேசையில்தான் அவள் ஐந்து வருடம் வீட்டுப்பாடம் செய்தவள். அந்தப் பிள்ளையின் கலியாணத்தில் கலாவதி எங்கே நிற்பது, எப்படி நிற்பது என்பதைப் பேசித் தீர்க்கவே அருமைநாயகி வந்திருந்தாள். இருவருக்கும் அது தெரியும். தெரிந்ததால் இருவரும் முதலில் தேத்தண்ணியைக் குடித்தார்கள்.

*

கலாவதிக்கு ஐம்பத்தொரு வயது. செயற்கைப் பல் கட்டும் லாப் ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். யாரென்று தெரியாத மனிதர்களின் வாய்க்குள் போகும் பற்களை வெள்ளைப் பீங்கானில் கட்டி, அரைத்து, மினுக்கி அனுப்புவது அவளுடைய தொழில். ஆறு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை தாலிக்கொடியைத் தானே கழற்றினாள். பஞ்சில் சுற்றி, உறையில் போட்டு, ஏற்கெனவே பிரிந்துபோய்ப் பிளேஸ்டோவில் இருந்த புருஷனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வேலைக்குப் போனாள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. அவன் பல காரணங்கள் சொன்னான். சனமும் தன் பங்குக்குச் சில காரணங்களைச் சேர்த்துக்கொண்டது. அவள் ஒன்றையும் மறுக்கவில்லை. மறுத்தால் மிச்சத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவளுடைய எண்ணம்.

அதற்குப் பிறகு கலியாண வீடுகளில் அவளை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆராத்தித் தட்டு அவள் பக்கம் வராது. மணமக்களை வாழ்த்தித் தலையில் அறுகரிசி போட ஆட்களைக் கூப்பிடும்போது அவளுடைய பெயர் இராது. "நீ களைச்சுப்போயிருப்பாய் அக்கா, உங்காலை காத்தோட்டமாய் இரு," என்று பின்வரிசைக் கதிரையைக் காட்டுவார்கள். ஆறு வருடமும் காற்றோட்டமாக இருந்தாள்.

லாப்பில் அவளுக்குப் பக்கத்து மேசை ஹேமியுடையது. நியூசிலாந்தின் தென்தீவில், மேற்குக் கரையில் பிறந்த மாவோரி மனிதர். அறுபத்து மூன்று வயது, வெள்ளைத் தலை, மரக்குற்றி போன்ற முன்னங்கைகள். பல வருடங்களில் அவர் கலாவதியிடம் கேட்ட கேள்விகளை இரண்டு கை விரல்களில் அடக்கலாம். அவளுடைய கழுத்திலிருந்து கொடி காணாமற் போன அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை அவளுடைய மேசையில் வைத்தார், அவ்வளவுதான். ஒரு மனிதரோடு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பது இவ்வளவு ஆறுதலாக இருக்குமென்று அவள் அதுவரை அறிந்ததில்லை.

மதிய இடைவேளையில் அவர் கல் செதுக்குவார். பீங்கானுக்கு இனி உதவாது என்று தள்ளிய வைரமுனைகளை ஒரு ரின்னில் சேர்த்து வைத்திருந்தார். கல் ஊரிலிருந்து வரும். அந்த ஆற்றுக் கல்லை எடுக்க உரிமை உள்ள குடும்பம் அவருடையது, தமையன் அனுப்புவார். வெளியே பார்த்தால் சாம்பலும் மண்ணிறமுமாக, வீதியோரத்தில் கிடந்தால் ஒருவரும் குனிய மாட்டாத கல். ஈரப்படுத்தி விளக்கைப் பின்னால் பிடித்தால்தான் உள்ளே பச்சை தெரியும். பொனாமு என்று அதற்குப் பெயர் சொன்னார். உளியால் உடைத்துச் செதுக்க ஏலாது, உள்ளே மயிர்மயிராகப் பின்னிக்கிடக்கும் கல், அடித்தால் அடித்தவன் கைதான் நோகும் என்றார். தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தண்ணீரோடுதான் தேய்க்க வேண்டும், அதன் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள், வெட்டி உருவம் எடுத்த ஒரு கல்லை அவளுடைய மேசையில் வைத்தார்.

"என் கண் இப்போது சின்னக் கீறல்களைப் பிடிப்பதில்லை," என்றார். "உனக்கு நேரமிருந்தால் தேய்த்துக் கொடு."

"யாருக்கு இது?"

"போக வேண்டிய ஒருவருக்கு."

அதன் உருவத்துக்கு டோக்கி என்று பெயர். அவருடைய முன்னோர் வள்ளம் குடைந்த, வீட்டுத் தூண் இழைத்த கருவி. கலாவதி அதைக் கண்டதும் சிரித்துவிட்டாள். ஊரில் தச்சர் பலகை செதுக்கும் வாய்ச்சி. பிடியைக் கழற்றிவிட்டு இரும்பை மட்டும் சின்னதாக்கினால் இதுதான். வேலை செய்கிற சாமானை ஏன் கழுத்தில் கட்டுகிறீர்கள் என்று கேட்டாள். ஹேமி வெகுநேரம் யோசித்தார். "வேலை செய்கிறவர்கள் கட்டுவார்கள்," என்றார். பிறகு, சபையில் எழுந்து பேச உரித்துள்ளவர்களும் கட்டுவதுண்டு என்று சேர்த்தார். அன்று அதற்கு மேல் பேச்சில்லை.

எட்டு மாதம் தேய்த்தாள். முதலில் கரடான தாள், பிறகு அதைவிட மெல்லியது, பிறகு அதையும்விட மெல்லியது. ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்ற வேண்டும், அப்போதுதான் முந்தைய தாளின் கீறல் மிச்சமிருந்தால் குறுக்கே தெரியும். ஒவ்வொரு முறையும் கல்லையும் கையையும் மேசையையும் கழுவ வேண்டும். கரடான தாளின் ஒரு மணல் தங்கிவிட்டால் ஒரு கிழமை வேலை வீண். பல்லில் இந்தச் சட்டமெல்லாம் அவளுக்குப் பழகினதுதான். ஆனால் பல் ஒரு மணித்தியாலத்தில் மினுங்கும். இந்தக் கல் அசையாது. சில நாள் ஒரு மணித்தியாலம் தேய்த்துவிட்டுப் பார்த்தால் கல் அப்படியே இருக்கும், விரல் நுனிதான் வழுவழுப்பாகியிருக்கும்.

தை மாதம் அவள் ஒரு பிழை விட்டாள். மிக மெல்லிய தாளுக்குப் போன பிறகு, அடிவிளிம்பின் ஓரத்தில் ஒரு பழைய கீறல் கிடப்பதைக் கண்டாள். மயிரளவு. நாலு நாள் அதன்மேல் மெல்லிய தாளால் தேய்த்தாள். கீறல் போகவில்லை. சுற்றியிருந்த இடம் மினுங்க மினுங்கக் கீறல் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. ஐந்தாம் நாள் ஹேமி ஒன்றும் சொல்லாமல் கரடான தாள் ஒன்றை எடுத்து அவளுடைய மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். மூன்று படி பின்னால் போய் அவள் மறுபடி தொடங்கினாள்.

வேலை முடிந்ததென்று நினைத்த அன்று, யாரும் பார்க்காத நேரம் கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கண்ணும் விரலும் விட்டுவிடுவதை நாக்கு விடாது என்பது பல் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். நாக்கில் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆற்றுத் தண்ணீரைப்போல இருந்தது.

கல்லை ஹேமியிடம் கொடுத்தாள். அவர் வாங்கித் துடைத்து, சேர்ட்டுக்குள்ளே தன் நெஞ்சில் கட்டிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி வேலை நாள். ஓய்வெடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறார். மத்தியானம் எல்லோரும் பீட்சா சாப்பிட்டு, கேக் வெட்டினார்கள். யாரோ வண்ணக் கடதாசித் துண்டுகள் வெடிக்கும் குழாயையும் கொண்டுவந்திருந்தார்கள். ஹேமி தன் கழுத்துக் கயிற்றை வெட்டிக் கல்லை எடுத்தார். ஆயத்தமாக வைத்திருந்த புதுக் கயிற்றில் அதை வரிந்து கட்டினார்.

"எங்கள் வீட்டில் இதை யாரும் தனக்கென்று செய்வதில்லை. தனக்கென்று வாங்குவதுமில்லை. கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர் முதலில் கொஞ்ச நாள் தன் உடம்பில் கட்டியிருப்பார்," என்றார். "உனக்குத்தான் என்று சொல்லியிருந்தால் நீ மூன்றாம் மாதமே போதும் என்றிருப்பாய்."

பிறகு தன் மொழியில் ஏதோ தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினார். அது நீண்டு, ஏறி இறங்கி, ஐயர் மந்திரம் சொல்வதைப்போல் ஒலித்தது. அந்த ஒலியில்தான் கலாவதி பிழை விட்டாள். யாரோ முன்னால் நின்று மந்திரம்போல் சொல்ல, கயிறு கழுத்தைச் சுற்றி வர, அவளுடைய தலை தானாகவே குனிந்தது. கைகள் தாமாகவே கூப்பின. எங்கள் பெண்களின் கழுத்துக்கும் கைக்கும் அது யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத பழக்கம். குழாய் வெடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வரவேற்பு மேசையில் இருக்கும் சென்னைப் பிள்ளை லக்ஷ்மிப்ரியா அதைப் படமெடுத்து, இரண்டு இதயக் குறிகளோடு பேஸ்புக்கில் போட்டாள்.

குனிந்த தலை, கூப்பிய கை, கழுத்தைச் சுற்றிய ஒரு ஆம்பிளையின் கைகள், மேலிருந்து பூப்போல விழும் துண்டுகள். லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அந்தப் படத்தை விளக்க ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை லக்ஷ்மிப்ரியா கலவரப்பட்டு வந்தாள்.

"அக்கா, உங்க ஊர்க்காரங்க கமென்ட்ல வாழ்த்துன்னு போட்டிருக்காங்க. சில பேர் வேற மாதிரியும் போட்டிருக்காங்க. நான் சும்மாதான் போட்டேன். எடுத்துடறேன்."

"இருக்கட்டும்."

"நெஜமாவா?"

"வாழ்த்துத்தானே. ஏன் வேண்டாமெண்டு சொல்ல?"

*

தேத்தண்ணி முடிந்தது. அருமைநாயகி குவளையைத் தள்ளிவைத்தாள்.

"சரி, சொல்லு. ஆர் அந்த மனிசன்?"

"ஹேமி. லாப்பிலை பக்கத்து மேசை."

"ஹேமி எண்டு நீ சொன்னதெல்லாம் ஒரு பொம்பிளை எண்டெல்லே நான் இவ்வளவு காலமும் நினைச்சனான்." ஒரு கணம் அவளுக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "இப்ப எங்கை அவர்?"

"ஊருக்குப் போயிட்டார்."

"கட்டிப்போட்டுப் போயிட்டாரோ?"

கலாவதி குவளைகளை எடுத்துச் சிங்கில் வைத்தாள்.

"அக்கா, நான் உன்னை ஒண்டும் பிழையாய் நினைக்கேல்லை. எனக்குத் தெரியும் அது சும்மா ஒரு கல்லு எண்டு. ஆனால் மாப்பிள்ளை யதுசன்ரை பெரியப்பா இருக்கிறார் எல்லே, தில்லையம்பலம், அவர் நேற்று போன் எடுத்தவர். 'பொம்பிளையின்ரை பெரியம்மா மறுமணம் செய்திட்டாவாம், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே' எண்டு கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?"

"என்ன சொன்னனீ?"

"கோயில் நூல் எண்டு சொன்னனான்."

"கோயில் நூலிலை வாய்ச்சி தொங்குமோ?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். தச்சன்ரை வாய்ச்சியைக் கொண்டுபோய் ஒரு பொம்பிளை கழுத்திலை தொங்கவிடுவாளோ? அதுவும் பச்சைக் கல்லு. உன்ரை சாதகத்திலை புதன் எங்கை கிடக்குது எண்டு தெரியுமோ?"

"தெரியாது. நீ பாத்தனீயோ?"

"பாத்தனான். நல்ல இடத்திலை இல்லை." அருமைநாயகி கதிரையை முன்னால் இழுத்தாள். குரல் இறங்கியது. "இஞ்சை பார். நீ உதைக் கழட்டிப்போட்டு வா. ஒரு நாளைக்குத்தான். இவரோடை நான் கதைச்சிட்டன். நீ கழட்டினால் உன்னை அறுகரிசி போட மேடைக்குக் கூப்பிடுறம். முதல் ஆளாய்க் கூப்பிடுறம். மேனுஷா உன்ரை கையிலை வளந்த பிள்ளை, அது எனக்குத் தெரியாதே?"

கலாவதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அது வீதி முடிவுவரை கடகடத்துப் போய் நின்றது. அந்த மேடைக்கு அவள் ஆசைப்பட்டாள். அதைத் தனக்குள்ளே மறைக்க முடியவில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் கையில் ஏந்திய பிள்ளையின் தலையில் ஒரு பிடி அரிசி போடுவதைவிட வேறென்ன வேண்டியிருக்கிறது.

"வெறுங்கழுத்தோடை வரச்சொல்லுறாய்," என்றாள் கடைசியில்.

"ஓம்."

"ஆறு வருசமும் வெறுங்கழுத்தோடைதானே அருமை வந்தனான். அப்ப ஏன் ஒருத்தரும் கூப்பிடேல்லை?"

அருமைநாயகி கதிரையில் நிமிர்ந்தாள்.

"பழசைக் கிளறாதை."

"நான் கிளறேல்லை. நீதான் வந்து கழுத்தைப் பாக்கிறாய்."

"அப்ப சனத்துக்கு நீயே சொல்லு. இது தாலி இல்லை எண்டு ஒரு வசனம். வாட்ஸ்அப்பிலை போட்டால் காணும். கழட்டவும் தேவையில்லை."

"சொல்லமாட்டன்."

"ஏன்?"

"கேக்கிறதுக்கு அவைக்கு என்ன உரிமை? சொன்னால், உரிமை இருக்கெண்டு நானே குடுத்ததாய்ப் போகும்."

"விசர்க்கதை கதையாதை." அருமைநாயகி எழுந்து லாச்சியை இழுத்தாள். எந்த லாச்சியில் எது கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தாள். அடித்து வைக்கவில்லை, மெல்லத்தான் வைத்தாள். "கொளுக்கி இல்லைத்தானே. வெட்டத்தான் வேணும். பிறகு நீயே வேறை கயிறு கட்டிக்கொள்ளு. கலியாணம் முடிய."

கலாவதி கத்தரிக்கோலை எடுத்து, லாச்சியில் போட்டு, லாச்சியை மூடினாள்.

அருமைநாயகி வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "அப்ப நீ பின்னாலைதான் இருக்க வேண்டிவரும் அக்கா. நான் ஒண்டும் செய்ய ஏலாது."

*

மேனுஷா இரண்டு நாள் கழித்துப் போன் எடுத்தாள். சிறுவயதிலிருந்தே அவளுக்குப் பெரியம்மாவோடு பொய் பேசத் தெரியாது. சுற்றிவளைத்துப் பார்த்தாள், ஏலவில்லை.

"பெரியம்மா, எனக்கு அந்தக் கல்லு பிடிச்சிருக்கு. சீரியஸ்லி. ஆனா அம்மா ராவிலை நித்திரை கொள்ளுறா இல்லை. யதுசன்ரை வீட்டுக்காரர் எல்லாத்துக்கும் அம்மாவைத்தான் கேக்கினம். ஜஸ்ட் வன் டே. எனக்காக."

"சரி பிள்ளை, யோசிக்கிறன்."

"கோவமா?"

"இல்லை. நீ சாப்பிட்டனியோ?"

போனை வைத்த பிறகு கலாவதி குளியலறைக்குப் போனாள். கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தாள். எனக்காக என்று அந்தப் பிள்ளை இதுவரை எதையும் கேட்டதில்லை. தங்கையின் பேச்சைத் தட்டியவளுக்கு இதைத் தட்டுவது அவ்வளவு எளிதாக இல்லை. நகம் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள். கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முடிச்சுக்குப் பக்கத்தில் கயிற்றின் கீழே ஒரு அலகை நுழைத்தாள். இரும்பு பிடரியில் குளிர்ந்தது. கல் தொண்டையில் சூடாக இருந்தது, அவளுடைய சூடு.

ஒரே நாள். வெட்டினால் எல்லோருக்கும் நிம்மதி. பிறகு வேறு கயிறு கட்டலாம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லாம் மினுங்கும். அவள் தை மாதத்துக் கீறலை நினைத்தாள். நாலு நாள் அதன்மேல் மெல்லிய தாளால் தேய்த்ததை நினைத்தாள். பின்வரிசைக் கதிரையில் இருந்த ஆறு வருடமும் அவள் செய்தது அதுதானே. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை என்று தேய்த்துக்கொண்டே இருந்தது.

கையை இறக்கினாள். கத்தரியை அதன் உறையில் போட்டாள். கண்ணாடியில் தெரிந்த பெண்ணின் கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய் கெட்டியாகவே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குப் போனாள். சேலைத் தலைப்பால் கழுத்தை மூடவில்லை. செருப்பு வைக்கிற இடத்தில் மூன்று பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதில் ஒருத்தி, "என்ன கலாவதி, விசேஷமோ?" என்று கேட்டாள். "ஓம், மேனுஷாவுக்குக் கலியாணம். உங்களுக்குக் காட் வரேல்லையோ?" என்றாள் கலாவதி. கேட்டவளுக்கு அழைப்பிதழ் வந்திருக்கவில்லை.

*

கலியாண மண்டபம் சட்டனில். கலாவதி அரக்குச் சேலை உடுத்திருந்தாள். சேலைச் சட்டையின் கழுத்தைத் தாழ்த்தித் தைப்பித்திருந்தாள். தலைமயிரை உயர்த்திக் கொண்டை போட்டிருந்தாள். முன்னாலிருந்து பார்த்தால் கல்லும், பின்னாலிருந்து பார்த்தால் முடிச்சும் தெரியும்படி. வாசலில் சந்தனம் நீட்டிய பிள்ளைக்குக் கை ஒரு கணம் தயங்கியது. கலாவதி தானே தொட்டுப் பூசிக்கொண்டு உள்ளே போனாள்.

தாலி கட்டி முடியும்வரை பின்வரிசையில்தான் இருந்தாள். கெட்டிமேளம் கொட்டியபோது எல்லோரையும்போல எழுந்து நின்று பூவெறிந்தாள். முன்னால் நின்றவர்கள் போன்களை உயர்த்திப் பிடித்திருந்ததால் மேனுஷாவின் தலைகூடத் தெரியவில்லை. மேளம் அடங்கியதும் அறுகரிசிக்கு ஆட்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள். மேடைப்படியில் தில்லையம்பலம் கோட்டும் சூட்டுமாக நின்று, கையிலிருந்த தாளைப் பார்த்துப் பார்த்துப் பெயர் வாசித்தார். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் சோடி சோடியாக ஏறினார்கள்.

கலாவதி எழுந்தாள். நடுப்பாதையால் நடந்தாள். கதிரைகளில் தலைகள் திரும்புவது காற்றில் பயிர் சாய்வதைப்போல் இரண்டு பக்கமும் தெரிந்தது. அவள் வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. போய் வரிசையில் நின்றாள். தனியாக நின்றது அவள் ஒருத்திதான்.

அவளுடைய முறை வந்தபோது தில்லையம்பலம் தாளை மடித்தார்.

"நீங்கள் பொம்பிளையின்ரை பெரியம்மா எல்லே."

"ஓம்."

"உங்கடை பேர் இதிலை இல்லை."

"நான் தாளைப் பாத்து வரேல்லை. பிள்ளையைப் பாத்து வந்தனான்."

அவர் நாகரிகமான மனிதர். குரலை உயர்த்தவில்லை. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். "தம்பதியளைத்தான் கூப்பிடுறம். குறை நினைக்காதையுங்கோ, உது தாலியோ?"

இல்லை என்றால் தம்பதி இல்லை, பின்னால் போ. ஓம் என்றால் ஆர், எந்த ஊர், ஏன் சொல்லவில்லை. இரண்டு வாசலிலும் அவரே நின்றார். கலாவதி அவருடைய கண்ணைப் பார்த்தாள்.

"கல்லு," என்றாள்.

"ஆர் கட்டினது?"

"என்னோடை வேலை செய்த மனிசன்."

"அவர் உங்களுக்கு என்ன முறை?"

"பக்கத்து மேசை."

தில்லையம்பலம் தாளை மறுபடி விரித்தார். உறவு முறைகளை அவர் நன்றாக அறிந்தவர். ஆனால் இப்படியொரு முறை அவருக்குத் தெரியாது. அவளுக்குப் பின்னால் நின்ற கிழவர், பெண்சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கதையைப் பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ, இவவுக்கு முழங்கால் உளையுது," என்றார். தில்லையம்பலம் திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். மண்டபம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தடுத்தாலும் கதை, விட்டாலும் கதை. அந்த நெருக்கடியில் அவர் அரையடி விலகினார். அரையடி கலாவதிக்குப் போதும்.

மணவறைக்கு முன்னால் தட்டில் அறுகும் அரிசியும் மஞ்சளாகக் கிடந்தன. ஐயர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். மாப்பிள்ளை யதுசன் வியர்த்துப்போயிருந்தான். மேனுஷா கூறைச் சேலையிலும் நகையிலும் அமிழ்ந்து, கண்ணை மட்டும் உயர்த்தினாள். அந்தக் கண் முதலில் கல்லுக்குப் போய், பிறகு முகத்துக்கு வந்தது.

"கழட்டேல்லை," என்றாள், உதடு அசையாமல்.

"இல்லை."

"நான் கேட்டும்."

"நீ கேட்டபடியால்தான் வெட்டப் பாத்தனான். ஏலாமல் போச்சு."

மேனுஷாவின் முகத்தில் கோபம் இருந்ததா என்று கலாவதிக்கு அந்த அலங்காரத்துக்குள் தெரியவில்லை. பிள்ளை, நெற்றிப்பட்டம் சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையை நன்றாகத் தாழ்த்திக் கொடுத்தாள்.

கலாவதி இரண்டு கையாலும் அள்ளினாள். தலையில் போட்டாள், தோளில் போட்டாள், முழங்காலில் போட்டாள். மூன்று முறை. குனிந்தபோது கல் கழுத்திலிருந்து விலகி முன்னால் ஆடியது. அவள் அதைப் பிடிக்கவில்லை. யதுசனுக்கும் போட்டாள். ஒரு மணி அவனுடைய மூக்கில் விழ, அவன் சிரித்தான்.

இறங்கும் படியில் அருமைநாயகி நின்றாள். நீலப் பட்டு, நெற்றி நிறையக் குங்குமம், கண்ணுக்குக் கீழே பல நாள் நித்திரையில்லாத கறுப்பு.

"உன்ரை எண்ணத்தைத்தான் செய்தாய்."

"ஓம்."

"சனம் முழுக்கப் பாக்குது."

"பாக்கட்டும். பாக்கத்தானே அவையைக் கூப்பிட்டனீங்கள்."

அருமைநாயகி தமக்கையின் தோளில் ஒட்டியிருந்த ஒரு அறுகம்புல்லைக் கண்டாள். அதை எடுப்பதா விடுவதா என்று யோசிப்பவள்போல நின்றாள். எடுக்கவில்லை.

"சாப்பிட்டிட்டுப் போ," என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"சாப்பிடாமல் ஆர் போறது?"

சாப்பாட்டு அறையில் முதல் பந்தி அப்போதுதான் நிரம்பிக்கொண்டிருந்தது. முன் மேசையில், மாப்பிள்ளை பகுதிக்கென்று ஒதுக்கிய இடத்தில், வெள்ளை விரிப்பின்மேல் வாழையிலைகள் கழுவி விரிக்கப்பட்டுக் காத்திருந்தன. கலாவதி நடுக் கதிரையை இழுத்து இருந்தாள். பரிமாற வந்த பெண் சோற்றுக் கரண்டியோடு தயங்கினாள்.

"அன்ரி, இது மாப்பிள்ளை வீட்டாருக்கு எண்டு..."

கலாவதி இலையில் தண்ணீர் தெளித்து, துடைத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"அவையும் வரட்டும் பிள்ளை, இடம் கிடக்குது. நீ சோத்தைப் போடு."